பணி ஓய்வுக்குப் பிறகு 115 கிலோமீட்டர்: கோலாலம்பூரிலிருந்து சந்தியாகோ நடைப்பயணத்துக்குத் தயாராவது எப்படி?

2023 மே மாதம், ஸ்பெயினில் பாலாஸ் தெ ரெய் என்ற சின்ன ஊர். விடுதியில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருக்கிறேன். வலது முழங்கால் வீங்கிப் பன் மாதிரி இருக்கிறது. ஏணியில் இறங்க முடியவில்லை. கீழ்த்தட்டில் என் கூட்டாளி, செந்தூலில் ஒரே தெருவில் வளர்ந்தவர், "இன்னும் எத்தனை நாளுக்கு இங்கே கிடக்கணும்?" என்று கேட்கிறார். மாட்ரிட்டிலிருந்து எங்கள் விமானம் கிளம்ப ஐந்து நாள்தான் இருந்தது. நடக்க வேண்டியது இன்னும் 68 கிலோமீட்டர்.

எப்படியோ முடித்தோம். விமானத் தேதியை மாற்ற ஆளுக்கு 1,100 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) தண்டம் அழுதோம். 2025 செப்டம்பரில் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அந்தத் தடவை ஒரு தொல்லையும் இல்லை. வழியும் நானும் அதேதான். முழங்காலுக்கு இரண்டு வயது கூடியிருந்தது, அவ்வளவே. இடைப்பட்ட காலத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அறுபதைத் தாண்டியவர்கள், முதல் தடவை ஐரோப்பா போகிறவர்கள், ஆங்கிலப் புத்தகத்தில் நம்மூர்ச் சிக்கலுக்குப் பதில் கிடைக்காதவர்கள், இவர்களை நினைத்து எழுதியது. நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஆனால் வழியில் எல்லா மதத்தாரையும், மதமே வேண்டாம் என்பவர்களையும் பார்க்கலாம். யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை.

1. எவ்வளவு தூரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

புனித யாகப்பர் கல்லறை இருக்கும் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயத்தை நோக்கிப் பல பாதைகள் போகின்றன. பெயர்பெற்றது 'பிரெஞ்சு வழி'. பிரான்ஸ் எல்லையில் இருக்கும் சான் ஜான் பியே தெ போர் என்ற ஊரில் தொடங்கி ஏறக்குறைய 780 கிலோமீட்டர், 33 நாள் அளவு ஆகும். முதல் நாளே பிரனீஸ் மலையைத் தாண்ட வேண்டும்.

அதைக் கேட்டதும் 'போனால் முழுசாகத்தான் போவேன்' என்று தோன்றும். ஓய்வு பெற்றவுடன் வருகிற வீறாப்பு அது. எனக்கும் வந்தது. முதல் தடவைக்கு வேண்டாம். சர்ரியா என்ற ஊரிலிருந்து தொடங்கினால் சுமார் 115 கிலோமீட்டர். கடைசி 100 கிலோமீட்டரை நடந்து முடித்தவர்களுக்குக் 'கொம்போஸ்தெலா' சான்றிதழ் உண்டு; சைக்கிள் என்றால் 200. சர்ரியா அந்தக் கணக்குக்குச் சரியாக வரும். கூட்டம் அதிகம் இருக்கும் என்பது உண்மை. ஆனால் கூட்டம் இருக்கிற வழியில்தான் மருந்துக்கடை, டாக்சி, காப்பிக்கடை எல்லாம் இருக்கும். நம் வயதுக்கு அதுதான் தோது.

எத்தனை நாள்? புத்தகங்கள் ஐந்து நாள் என்று போடும். நாங்கள் அதை நம்பித்தான் போனோம். முப்பது வயதுக்காரர் கணக்கு அது. நீங்கள் எட்டு நாள் என்று போட்டுக்கொள்ளுங்கள், மேலே ஒரு நாள் சும்மா இருக்கட்டும். ஊர்கள் பிறகு வருகின்றன.

2. மாதம்

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பானியர்களே விடுமுறையில் வந்து நிறைப்பார்கள். இந்த வழி போகும் கலீசியா மாநிலம் மழைப் பிரதேசம். அக்டோபருக்கு மேல் நனைந்துகொண்டேதான் நடக்க வேண்டியிருக்கும்.

2027-இல் ஜூலை 25, புனித யாகப்பர் திருநாள், ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அப்படி வரும் ஆண்டு புனித ஆண்டு. பேராலயத்தின் புனிதக் கதவு பொதுவாக அந்த ஆண்டுகளில்தான் திறக்கும், அதனால் கூட்டம் அள்ளும். அந்தக் கதவு வழியாகப் போக வேண்டும் என்ற நேர்த்தி இருந்தால் போங்கள். படுக்கையை ஆறு மாதம் முன்பே பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் வேறு ஆண்டு பாருங்கள்.

இன்னொன்று. செப்டம்பரில் அங்கே பொழுது விடிவதே எட்டு மணிக்கு மேல். ஏழு மணிக்கு வெளிச்சம் பார்த்துப் பழகிய நமக்கு இது உதைக்கும். ஆறு மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரம் கும்மிருட்டில், வனப்பாதையில் நடப்பீர்கள். எதற்கு? ஏழரைக்குப் பசியாறிவிட்டு மெதுவாகக் கிளம்புங்கள்.

3. மருத்துவரும் மருந்துப் பையும் (ஆறு மாதம் முன்பு)

இதய நோய், சர்க்கரை, இரத்த அழுத்தம், இவற்றில் ஒன்றாவது இல்லாத கூட்டாளி எனக்கு இல்லை. இருந்தாலும் போகலாம். மருத்துவரிடம் "ஸ்பெயின் போகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எட்டு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் உள்ள பாதை" என்று சொல்லுங்கள். கேள்வி மாறினால் பதிலும் மாறும். என் மருத்துவர் முதலில் தலையாட்டியவர், இதைக் கேட்டதும் டிரெட்மில் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார்.

அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுப்பவர்களுக்கு: ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மாத அளவுதான் கையில் கொடுப்பார்கள். பயணத் தேதிக்கு நடுவில் மருந்து தீரப்போகிறதா என்று நாள்காட்டியை வைத்துப் பாருங்கள். தீரும் என்றால் டிக்கெட் நகலைக் கொண்டுபோய் மருந்தகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

மருந்துகளின் மூலப்பெயரைப் போட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நம்மூர் வணிகப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. பனடோல் என்றால் விழிப்பார்கள், பாரசித்தமோல் என்றால் எடுத்துத் தருவார்கள். மருந்து முழுவதும் கைப்பையில்தான் வர வேண்டும். பெட்டியில் போட்டு, பெட்டி வேறு நாட்டுக்குப் போய்விட்டால் அப்புறம் கதை கந்தல்.

4. கடப்பிதழும் பெயர்ச் சிக்கலும் (ஐந்து மாதம் முன்பு)

மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் (ஸ்பெயினும் சேர்ந்த ஐரோப்பிய நாட்டுக் கூட்டம்) விசா வேண்டாம். 180 நாளுக்குள் 90 நாள் இருக்கலாம். திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நான் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். புதுப்பிக்க 200 வெள்ளி. 60 வயது ஆகிவிட்டால் 100 வெள்ளிதான். படம் அங்கேயே எடுப்பார்கள், அடர் நிறச் சட்டையோடு போங்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் கடப்பிதழில் முத்திரை குத்துவதற்குப் பதில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு வரிசையில் நேரம் பிடிக்கும். இறங்கிய இரண்டு மணி நேரத்தில் ரயில் பிடிக்கத் திட்டம் போடாதீர்கள். அடுத்து எத்தியாஸ் என்று ஒரு இணைய அனுமதி வருகிறது. 2026 கடைசியில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். கட்டணம் 20 ஈரோ; எழுபதைத் தாண்டியவர்களுக்கு இலவசம். இது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே காசு பிடுங்கும் போலித் தளங்கள் வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் கட்டாதீர்கள்.

சரி, இப்போது பெயர். நம்மவர்கள் பெரிய அளவில் மாட்டுகிற இடம் இதுதான்.

கடப்பிதழில் நம் பெயர், ஆண் என்றால் 'ஏ/எல்' (மகன்), பெண் என்றால் 'ஏ/பி' (மகள்), அப்புறம் அப்பா பெயர் என்று இருக்கும். விமான டிக்கெட் பதியும் தளமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? என் கூட்டாளி என்ன செய்தார் தெரியுமா? வாழ்நாள் முழுவதும் கையெழுத்துப் போட்ட மாதிரியே, அப்பா பெயரின் முதல் எழுத்தை ஒரு கட்டத்திலும் தன் பெயரை இன்னொரு கட்டத்திலும் போட்டுவிட்டார். விமான நிலைய முகப்பில் அந்தப் பெண் டிக்கெட்டையும் கடப்பிதழையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்கள், இது வேறு ஆள் பெயர் மாதிரி இருக்கே?" என்றார். மேலதிகாரி வந்து, திருத்தக் கட்டணம் கட்டி, முக்கால் மணி நேரம் போய், நாங்கள் ஓடிப் போய் ஏறினோம்.

நீங்கள் செய்ய வேண்டியது: கடப்பிதழின் படப் பக்கத்தில் அடியில் '<' குறிகளோடு இரண்டு வரி இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். அங்கே இருக்கும் பெயர்கள் ஒன்று விடாமல் டிக்கெட்டில் வர வேண்டும், இனிஷியல் கூடாது. சாய்கோட்டைத் தளம் ஏற்காது, விட்டுவிடலாம். எந்தப் பகுதியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். பணம் கட்டுவதற்கு முன் அவர்களையே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி, ரயில் டிக்கெட், எல்லாவற்றிலும் அதே வரிசையில் போடுங்கள்.

ஸ்பெயினில் தங்கும் இடம் எதுவானாலும் கடப்பிதழைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். 'ஏ/எல்' அங்கே 'அல்' ஆகிவிடும். ஒரு விடுதியில் மூன்று தடவை "செஞோர் அல்!" என்று கூப்பிட்ட பிறகுதான் அது என்னைத்தான் என்று உறைத்தது.

5. டிக்கெட்டும் காப்புறுதியும் (நான்கு மாதம் முன்பு)

கோலாலம்பூரிலிருந்து மாட்ரிட்டுக்கு டோஹா, துபாய், இஸ்தான்புல் என்று எங்காவது மாறிப் போகலாம். 2025-இல் எங்களுக்கு ஆளுக்கு 4,200 வெள்ளி. திரும்பும் தேதியை, நடை முடியும் நாளுக்கு நான்கு நாள் தள்ளிப் போடுங்கள். முதல் தடவை நான் இரண்டு நாள்தான் விட்டிருந்தேன். அந்தக் கணக்குத்தான் 1,100 வெள்ளியில் முடிந்தது. தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டுக்கு இருநூறு முந்நூறு கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

மாட்ரிட் விமான நிலையத்தின் நான்காம் முனையத்திலிருந்து சமார்த்தின் நிலையத்துக்குப் புறநகர் ரயில் இருக்கிறது. கலீசியா ரயில்கள் சமார்த்தினிலிருந்துதான். லூகோ நகருக்குப் போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் சர்ரியா. வந்து இறங்கிய அன்றே போக வேண்டாம். மாட்ரிட்டில் ஓர் இரவு தூங்கி எழுந்து போங்கள்.

காப்புறுதி: விசா வேண்டாதவர்களுக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும். மூன்றைக் கேளுங்கள். என் வயதுக்கு முழுப் பாதுகாப்பு உண்டா (எழுபதுக்கு மேல் பல திட்டங்களில் தொகை பாதியாகிவிடும்)? ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு உண்டா? பல நாள் நடைப்பயணத்தைச் சாகச விளையாட்டு என்று ஒதுக்கியிருக்கிறார்களா? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். தெரிந்துகொண்டு போவது நல்லது.

6. நடைப் பயிற்சி (ஐந்து மாதம்)

"தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரைக்கும் ரதத்தோடு நடந்திருக்கிறேன், இது என்ன பிரமாதம்?" என்று என் நண்பர்கள் கேட்பார்கள். நானும் சின்ன வயதில் அவர்களோடு நடந்தவன்தான். அது ஓர் இரவு. மறுநாள் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். இங்கே மறுநாள் காலை அதே காலோடு எழுந்து இன்னொரு 15 கிலோமீட்டர் போக வேண்டும். அதற்கு மறுநாளும்.

ஆகவே பயிற்சியில் தூரத்தைவிட அடுத்தடுத்த நாள் நடப்பதுதான் முக்கியம். முதல் இரண்டு மாதம் தித்திவங்சா ஏரியைச் சுற்றி வாரத்தில் நான்கு நாள், ஒரு மணி நேரம். மூன்றாம் மாதத்திலிருந்து சனி 10, ஞாயிறு 10 கிலோமீட்டர். ஐந்தாம் மாதம் சனி 15, ஞாயிறு 15, திங்கள் 10. மூன்றாம் நாள் காலையில் படியிறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அதுதான் தேர்வு முடிவு.

ஏரிக்கரை சமதளம், அது போதாது. என் முழங்காலைக் கெடுத்தது இறக்கம். போர்த்தோமரினுக்குள் நுழைவதற்கு முன் பாதை செங்குத்தாக விழும். எனக்கு நோவு அங்கேதான் ஆரம்பித்தது. புக்கிட் கியாரா, கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகக் காட்டுப்பாதை போன்ற இடங்களில் ஏறி இறங்குங்கள். பத்துமலையின் 272 படிகளும் நல்ல பயிற்சி. ஏறும்போது மூச்சு வாங்கும், அது போகட்டும்; இறங்கும்போது ஊன்றுகோலோடு பக்கவாட்டில் இறங்கிப் பழகுங்கள். கடைசி மாதம் முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பொட்டலத்தைப் போட்டுக்கொண்டு நடந்தேன். தித்திவங்சாவில் காவலாளி ஒருவர், "பாக்சிக், வீட்டைவிட்டு ஓடுகிறீர்களா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். ஒரு வாரம் அரிசியோடு போன பிறகு ஊன்றுகோலை எப்படிப் பிடிப்பது என்று அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

சப்பாத்து: வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரியது. நடக்க நடக்கப் பாதம் வீங்கும். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் உண்மையான அளவு தெரியும். 150 கிலோமீட்டராவது நம்மூரில் தேய்த்துவிட்டுத்தான் விமானம் ஏற்ற வேண்டும். புதுச் சப்பாத்தோடு வந்த ஒரு கொரியப் பெரியவரின் குதிகாலைப் பார்த்தேன். வேண்டாம்.

7. மூட்டை

உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏறக்கூடாது. 65 கிலோ ஆளுக்கு ஆறரை கிலோ, தண்ணீரோடு சேர்த்து. இரண்டு மாற்றுடை, ஒரு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, தலைவிளக்கு, காதடைப்பான் (குறட்டைக்கு, உங்கள் குறட்டைக்குப் பக்கத்துக் கட்டில்காரர் வைத்திருப்பார்).

நம் கைலி ஒன்று போதும், அது போர்வை, குளியலறைக்குப் போகிற உடை, ஜன்னல் திரை எல்லாம். பருத்தித் துண்டு இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அதற்காக 90 வெள்ளி கொடுத்துப் பயணத் துவாலை வாங்க வேண்டாம். கோடாலித் தைலம் கட்டாயம். என் தைலம் ஐந்து நாட்டுக்காரர் முழங்காலுக்குப் போனது.

பால்கோவா, நெய் சேர்ந்த பலகாரம், இறைச்சி செருண்டிங் எடுத்துப் போகாதீர்கள். பாலோ இறைச்சியோ சேர்ந்த உணவைப் பயணிகள் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை. புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் போட்டுக்கொள்ளலாம். ஊன்றுகோலைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள், பெட்டியில் போடுங்கள்.

சுமக்க முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். ஸ்பெயின் அஞ்சல் துறையே ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஓர் ஊருக்கு ஐந்து ஈரோவை ஒட்டி வரும். காலை எட்டு மணிக்குள் விடுதி முகப்பில் வைத்துவிட வேண்டும். ஒரு பொறி இருக்கிறது: அரசாங்க விடுதிகள் இப்படி அனுப்பிய பையை வாங்கிக்கொள்ளா. தனியார் விடுதிதான் சரி.

8. பணம் (ஒரு மாதம் முன்பு)

ஒரு ஈரோ 5 வெள்ளி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 2025-இல் எங்களுக்கு ஆளுக்கு ஆனது: விமானம் 4,200, மாட்ரிட்டிலிருந்து போகவர ரயில், பஸ் 450, நடந்த எட்டு நாள், நாளுக்கு 55 ஈரோ வீதம் 2,200, மாட்ரிட்டிலும் சந்தியாகோவிலும் தங்கவும் சாப்பிடவும் 1,400, காப்புறுதி 350, சப்பாத்து, பை, ஊன்றுகோல் 900, சில்லறை 300. பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. சேமநிதிப் பணத்தில் கைவைப்பதற்கு முன் இந்தத் தொகையை ஓரமாக எழுதிவையுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் சாப்பிட வேண்டும்.

மூன்று பொறிகள். நம் வங்கி அட்டைகள் வெளிநாட்டில் வேலை செய்ய, முன்கூட்டியே நாமே அதைத் திறந்துவிட வேண்டும். கிளம்பும் முன் வங்கியில் கேட்டுச் செய்துவிடுங்கள். அடுத்து, இணையத்தில் பணம் கட்டும்போது ஒப்புதல் உங்கள் கைப்பேசிச் செயலிக்குத்தான் வரும். புதுக் கைப்பேசி வாங்குவதாக இருந்தால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, வங்கிச் செயலியை அதில் பதிந்துவிடுங்கள். மகன் ஆசையாக வாங்கிக்கொடுத்தான் என்று கிளம்பும் நாளில் மாற்றாதீர்கள். நான் மாற்றினேன், விடுதிக்குக் கட்ட முடியாமல் கூட்டாளியிடம் கை நீட்டினேன். மூன்றாவது, அங்கே பண இயந்திரம் "ரிங்கிட்டில் கணக்குப் பார்க்கட்டுமா?" என்று அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள், ஈரோவிலேயே எடுங்கள். அந்த அன்புக்கு விலை உண்டு.

சின்னக் கடைகளில் அட்டை எடுக்கமாட்டார்கள். 200 ஈரோவைச் சின்னத் தாளாகக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலேயே மாற்றிக்கொண்டு போங்கள்.

9. நடக்கும் எட்டு நாள்

சர்ரியாவில் முதல் வேலை 'கிரெதென்சியால்' வாங்குவது. யாத்திரிகர் அட்டை அது, மடித்து மடித்து நீளமாக இருக்கும். மக்தலேனா மடத்திலும் விடுதிகளிலும் கிடைக்கும், இரண்டு மூன்று ஈரோதான். வழியில் கோயில், விடுதி, காப்பிக்கடை எல்லாவற்றிலும் முத்திரை குத்துவார்கள். கடைசி 100 கிலோமீட்டரில் ஒரு நாளுக்கு இரண்டு முத்திரையாவது இருக்க வேண்டும், தேதியோடு. ஒரு முத்திரை இரவு தங்கும் இடத்தில், இன்னொன்று காலைக் காப்பியில் என்று வழக்கமாக்கிக்கொண்டால் மறக்காது. நடுவில் டாக்சியில் ஏறித் தூரத்தைக் கடந்தால் சான்றிதழ் கிடையாது. முடியவில்லை என்றால் டாக்சியில் விடுதிக்குப் போய்த் தூங்குங்கள், மறுநாள் காலை விட்ட இடத்துக்கே டாக்சியில் திரும்பி வந்து அங்கிருந்து நடங்கள்.

எங்கள் எட்டு நாள் இப்படி: சர்ரியாவிலிருந்து ஃபெர்ரெய்ரோஸ் 13 கிலோமீட்டர், போர்த்தோமரின் 9, வெந்தாஸ் தெ நரோன் 13, பாலாஸ் தெ ரெய் 12, மெலிதே 15, அர்சூவா 14, ஒ பெத்ரூசோ 19, சந்தியாகோ 20. சின்ன ஊர்களில் படுக்கை கொஞ்சம்தான், அங்கே முன்பதிவு கட்டாயம். கடைசி இரண்டு நாள் நீளமாகத் தெரியும், ஆனால் கால் அதற்குள் பழகியிருக்கும். அப்போதும் முடியாவிட்டால் நடுவிலேயே தங்க இடங்கள் இருக்கின்றன. போர்த்தோமரினில் பாலம் தாண்டியதும் எதிரே ஒரு கற்படிக்கட்டு நிற்கும். களைத்து வரும் நேரத்தில் அதைப் பார்த்தால் அழுகை வரும். பக்கத்தில் சாலை வழியாகவும் ஊருக்குள் போகலாம்.

அரசாங்க விடுதி 10 ஈரோ. முன்பதிவு கிடையாது, மதியம் ஒரு மணிக்குத் திறப்பார்கள், முதலில் வந்தவருக்கு முதலில், ஓர் இரவுதான். தனியார் பொது அறை 15 முதல் 20 ஈரோ. எந்த இடத்திலும் நுழைந்ததும் "காமா தெ அபாஹோ, போர் ஃபவோர்" என்று சொல்லுங்கள். 'தயவுசெய்து கீழ்க்கட்டில்' என்று பொருள். நரைமுடியைப் பார்த்ததும் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ஸ்பானிய மொழியில் வேறொன்றும் தெரியாவிட்டாலும் இதை மனப்பாடம் செய்யுங்கள். படுப்பதற்கு முன் மெத்தையின் தையல் ஓரத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் மூட்டைப்பூச்சி, இடத்தை மாற்றுங்கள். இரண்டு இரவுக்கு ஒரு தடவை தனி அறை எடுத்தோம். சேர்ந்தே போனாலும் தூக்கம் வேறு கணக்கு.

கொப்புளம் வருவதற்கு முன்பே, அந்த இடம் சூடாகத் தோன்றும்போதே, நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். 'அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று நடந்தால் அடுத்த ஊரில் பார்க்க நிறைய இருக்கும். பச்சைச் சிலுவை விளக்கு இருந்தால் மருந்துக்கடை. அவசர எண் 112.

10. சாப்பாடு

பகல் சாப்பாடு ஒன்றரை முதல் நாலு வரை, இரவுச் சாப்பாடு எட்டு, எட்டரைக்கு மேல். நடுவில் சமையலறை மூடிவிடும். ஆறு மணிக்குப் பசித்து நிற்கும் மலேசியர்களை அங்கே எனக்கு அடையாளம் தெரியும். பையில் ரொட்டி, வாழைப்பழம், கச்சான் வைத்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை சின்ன ஊர்க் கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமையே வாங்குங்கள். 'யாத்திரிகர் சாப்பாடு' என்று 12 முதல் 15 ஈரோவுக்கு மூன்று வகையும் ரொட்டியும் தருவார்கள், நல்ல அளவு.

சைவக்காரர்கள் கவனிக்க. 'பொகதீயோ வெஹெதால்' என்று எழுதியிருக்கும், மரக்கறி ரொட்டி என்று நினைப்பீர்கள். உள்ளே சூரை மீனும் முட்டையும் இருக்கும். கலீசியக் கீரைச் சூப் பார்க்கப் பச்சையாக இருந்தாலும் பன்றிக் கொழுப்பில்தான் பெரும்பாலும் கொதிக்கும். உருளைக்கிழங்கு முட்டை அடை, பொரித்த பச்சை மிளகாய், பாலாடைக்கட்டி ரொட்டி, இவற்றில் ஓட்டலாம். முட்டையும் வேண்டாம் என்றால் சாலட்தான், 'சின் அதூன்', மீன் இல்லாமல், என்று சொல்லிக் கேளுங்கள். சமைத்துக்கொள்ளலாம் என்று அரிசியோடு போனோம். அரசாங்க விடுதியில் பளபளவென்று அடுப்பு இருக்கும், சட்டி இருக்காது. ஒரு கரண்டிகூட இருக்காது. வீட்டுக்காரி அந்தக் காலி அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, "இது அடுக்களையா, கண்காட்சியா?" என்றாள். சட்டி பானை இருக்கிறதா என்று தனியார் விடுதியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

11. சந்தியாகோவில்

யாத்திரிகர் அலுவலகம் பேராலயத்திலிருந்து சில நிமிட நடையில், ரூவா தாஸ் கரேத்தாஸ் தெருவில் இருக்கிறது. இணையத்தில் முன்பே பதிந்துவிட்டுப் போனால் வேலை சுருக்கம். வாசலில் எண் எடுத்து, முறை வந்ததும் முத்திரை அட்டையைக் காட்ட வேண்டும். சான்றிதழ் இலவசம், நடந்த தூரத்தைக் குறிக்கும் இன்னொரு தாளுக்கு 3 ஈரோ. பெயரை லத்தீன் வடிவில் எழுதுவார்கள். அப்பா பெயரையும் சேர்த்து எப்படி வர வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி நீட்டிவிடுங்கள். எழுதி முடித்த பிறகு திருத்தச் சொன்னால் முகம் கோணும்.

முதுகுப்பையோடு பேராலயத்துக்குள் விடமாட்டார்கள். முதலில் தங்கும் இடத்தில் பையை வைத்துவிட்டு வாருங்கள். யாத்திரிகர் திருப்பலி மதியம் 12 மணிக்கும் மாலை ஏழரைக்கும் உண்டு. உட்கார இடம் வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம் முன்னால். பெரிய தூபக்கலசம் ஆடுவதைப் பார்க்கத்தான் பலர் வருகிறார்கள். அது எல்லா நாளும் ஆடாது. எங்களுக்கு இரண்டு தடவையும் ஆடவில்லை.

விமானத்துக்குப் பெட்டி கட்டும் முன் சப்பாத்தின் அடியில் ஒட்டிய சேற்றைப் பல்துலக்கும் பழைய பிரஷால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் ஜன்னலில் காயவையுங்கள். நாங்கள் விட்டிருந்த நான்கு நாளில் ஒரு நாள் அதற்கே போனது. அந்த ஜன்னலுக்குக் கீழே இருந்த கடையில் பாதாம் கேக் நன்றாக இருந்தது.